எடை சரியாக இருக்கிறது, தொப்பை மட்டும் இருக்கிறது: ஆபத்து உண்டா?

செல்வி_மதுரை

வணக்கம். என் கணவருக்கு வயது 42. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. கை, கால், முகம் எல்லாம் ஒல்லி. வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கிறது. அலுவலகத்தில் எடுத்த வருடாந்திரப் பரிசோதனையில், கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்று ஸ்கேன் அறிக்கை வந்திருக்கிறது. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 238. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. சிகரெட், மது எதுவும் கிடையாது.

"எடை மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது, பிறகென்ன?" என்கிறார் அவர். "பிள்ளை இப்போதுதான் பார்க்கும்படி இருக்கிறான், கண் வைக்காதே" என்கிறார் அத்தை. எனக்கு மனம் ஆறவில்லை. என் மாமனாருக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. அவரும் இதே உடல்வாகுதான். எடை சரியாக இருந்து தொப்பை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு_நாடன்

வீணாகக் கவலைப்படாதீர்கள் சகோதரி. எங்கள் பெரியப்பாவுக்கு நல்ல தொந்தி. 88 வயது வரை ஊசி, மாத்திரை இல்லாமல் வாழ்ந்தார். ஸ்கேன் எடுத்தால் யாருக்கும் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும்.

திருச்சி_மருத்துவர்

சகோதரி, உங்கள் கவலை நியாயமானது. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பேசுகிறேன்.

64 கிலோவுக்கும் 168 செ.மீ.க்கும் உடல் நிறை எண், அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 22.7. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழ் இருந்தால் சரி என்பது கணக்கு. ஆக, மெஷின் காட்டுவது சரிதான். ஆனால் அந்த 64 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. விரலால் கிள்ளினால் மடிப்பாகக் கையில் வருவது தோலுக்கடியில் இருப்பது. இன்னொன்று தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலும் சேர்வது. இது கிள்ளினால் கையில் வராது. வயிறு கெட்டியாக உப்பி நிற்கும். கை கால் ஒல்லியாக இருக்கும் ஆண்களின் தொப்பை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. உண்மையான ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

காரணம் அது இருக்கும் இடம். குடல் பகுதியின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. உள்கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் அதே வழியில் நேராகக் கல்லீரலில் போய் இறங்குகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. மிஞ்சியதைத் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. அறிக்கையில் வந்த 238-ம் முதல் நிலைக் கொழுப்பும் இப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. சமாளிக்க முடியாத நாளில் சர்க்கரை ஏறுகிறது. மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உங்கள் கணவர் அந்த நிலையில் இருக்கிறார்.

இதோடு இந்தக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுவதும், இரத்தக் குழாயில் படிவு சேர்வதும், மாரடைப்பும், பக்கவாதமும் இந்த வரிசையில் வருபவை. பெருங்குடல் புற்றுநோய்க்கும் அதிகக் கொழுப்புக்கும் தொடர்பு உறுதியாகியிருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்சின் மார்சேய் நகரைச் சேர்ந்த ழான் வாக் என்ற மருத்துவர், உடல் பருமனில் வயிற்றில் சேர்வது வேறு, பிட்டத்திலும் தொடையிலும் சேர்வது வேறு என்று 1947-லேயே எழுதினார். 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்பு அபாயத்தை உடல் நிறை எண்ணைவிட இடுப்பு அளவுகளே நன்றாகக் காட்டின.

செல்வி அவர்களே, முதலில் ஓர் இஞ்ச் டேப் எடுத்து அவருடைய இடுப்பை அளந்து எழுதுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்ற வேண்டும். நின்றபடி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்ததும் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்க விடாதீர்கள்.

ஈரோடு_தையலகம்

மருத்துவர் ஐயா சொன்ன அளவைப் பற்றி என் தொழில் அனுபவத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 30 வருடமாக ஆண்களுக்குப் பேன்ட் தைக்கிறேன்.

"எனக்கு எப்போதும் 34 தான்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வது உண்மைதான், பேன்ட் 34 தான். வயிறு வளர வளரப் பெல்ட்டைக் கீழே இறக்கி, வயிற்றுக்கு அடியில் கட்டுகிறார்கள். அங்கே அளந்தால் 34. தொப்புளுக்கு நேரே அளந்தால் 39, 40. பழைய பேன்ட்டைப் பிரித்து வைத்துப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். இடுப்புப் பட்டி முன்பக்கம் வெளிப்புறமாக மடங்கித் தேய்ந்திருக்கும். முன்பக்கத் தொங்கல் குறைந்தும் பின்பக்கம் ஏறியும் இருக்கும். அதே ஆள் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது, மார்பைவிட வயிறு இரண்டு அங்குலம் கூடுதலாக வரும்.

ஆகவே பேன்ட் அளவை நம்பாதீர்கள். அளக்கும்போது பெல்ட்டைக் கழற்றி, பனியனைத் தூக்கிவிட்டு, டேப்பைத் தோலின்மேல் வைத்து அளக்க வேண்டும். முதுகுப்பக்கம் டேப் சரிந்து இறங்கும். வேறொருவர் பின்னாலிருந்து பார்த்துச் சொன்னால் நல்லது.

செல்வி_மதுரை

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே அளந்தோம். 94 செ.மீ. அவருடைய பேன்ட் அளவு 32 அங்குலம், அதாவது 81 செ.மீ. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் அவரே டேப்பை வாங்கி மறுபடியும் அளந்து பார்த்தார்.

திருச்சி_மருத்துவர்

இந்திய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. அதைத் தாண்டினால் வயிற்றுப் பருமன் என்றே கொள்ள வேண்டும். இன்னொரு எளிய கணக்கும் உண்டு: இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 168-ல் பாதி 84. அவர் 10 செ.மீ. கூடுதலாக இருக்கிறார்.

அமெரிக்காவில் ஆணுக்கு 102 செ.மீ. வரை விட்டுவைக்கிறார்கள். இணையத்தில் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். நம் உடல்வாகுக்கு அந்த எண் பொருந்தாது.

கடலூர்_வாசகன்

ஏன் பொருந்தாது ஐயா? உடம்பில் என்ன இந்திய உடம்பு, வெள்ளைக்கார உடம்பு?

திருச்சி_மருத்துவர்

நல்ல கேள்வி. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எங்கள் தலைமுறை மருத்துவர்கள் அந்தப் படத்தை மறக்க மாட்டோம்.

யாஜ்னிக் குழுவினர் புனே அருகேயுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்தார்கள். சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் அவ்வளவு குறைவாக இருந்த நம் குழந்தைகளுக்கு, தோலுக்கடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. தாய்க்குச் சரியான ஊட்டம் இல்லாத கருவறையிலேயே இந்த உடல்வாகு தொடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து.

தசை குறைந்த உடலில் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடமும் குறைவு. தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்கும் கொள்ளளவும் நமக்குக் குறைவாகவே தெரிகிறது. பத்தாயம் நிறைந்த பிறகு நெல் மூட்டையைத் திண்ணையிலும் நடையிலும் அடுக்குவதுபோல, மிஞ்சிய கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் 64 கிலோவிலேயே உங்கள் கணவருக்கு இந்த நிலை.

நாகோயா_தமிழன்

ஜப்பானில் வேலை பார்க்கிறேன். இங்கே 2008 ஏப்ரல் முதல், 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களின் இடுப்பை ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையில் அளக்கிறார்கள். ஆணுக்கு எல்லை 85 செ.மீ., பெண்ணுக்கு 90. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பின் பரப்பை ஸ்கேனில் அளந்து, அதற்கு ஈடான இடுப்பளவாக இந்த எண்களை வைத்தார்களாம். இங்கே தொப்புள் மட்டத்தில் அளக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லையைத் தாண்டி, கூடவே அழுத்தமோ சர்க்கரையோ கொழுப்போ ஏறியிருந்தால், ஆலோசகர் ஒருவர் உட்காரவைத்துப் பேசுவார், சில மாதங்கள் பின்தொடர்வார். தனிமனிதருக்கு அபராதம் ஏதும் கிடையாது.

சுமோ மல்லர்களைப் பற்றியும் இங்கே கேள்விப்பட்டேன். பயிற்சியில் இருக்கும் காலத்தில் அவர்களுடைய கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கடியில் இருக்கிறது. உடல் அவ்வளவு பெரிதாக இருந்தும் இரத்தப் பரிசோதனை அவ்வளவு மோசமாக வருவதில்லை. ஓய்வு பெற்று உழைப்பை நிறுத்தியதும் உள்கொழுப்பு ஏறி, சர்க்கரையும் வருகிறது.

கொங்கு_நாடன்

சுமோ விவரம் யோசிக்க வைக்கிறது. பெரியப்பா 80 வயது வரை தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர். அதுதான் அவரைக் காத்ததா?

திருச்சி_மருத்துவர்

பெரும்பங்கு அதற்கு இருந்திருக்கலாம். வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் நினைவில் வைத்திருப்பது 88 வரை இருந்த ஒருவரை. அதே தொந்தியோடு 50-லும் 55-லும் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. செல்வியின் மாமனாருக்கு 54-ல் வந்ததையும் சேர்த்துத்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_செவிலி

எல்லோரும் ஆண்களின் தொப்பையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெண்களைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில்தான் முதல்முறையாக வீடு வீடாக இடுப்பையும் அளந்தார்கள். 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேருக்கு வயிற்றுப் பருமன் இருந்தது. இவர்களில் எத்தனை பேர் அதற்காக ஒரு மருத்துவரைப் பார்த்திருப்பார்கள்? "இரண்டு பிள்ளை பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். மருத்துவமனையிலும் அதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனம் கொதிக்கும்.

பேன்ட் இறுகினால் ஆணுக்குத் தெரியும். புடவைக்கு அளவு கிடையாது, நைட்டிக்கும் கிடையாது. பாவாடை நாடாவை இரண்டு விரல் தளர்த்திக் கட்டினால் தீர்ந்தது. இடுப்பில் நாடா பதிந்து கறுத்த தடத்தை வார்டில் எத்தனையோ பெண்களிடம் பார்த்திருக்கிறேன். சிலருக்குப் புண்ணாகவே இருக்கும். அந்தத் தடம் வயிற்று மடிப்புக்குக் கீழே இருக்கும், அளக்க வேண்டிய இடம் அதற்கு மேலே. நாடாவின் இடத்தில் அளந்து ஏமாறாதீர்கள்.

மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணுக்குக் கொழுப்பு பிட்டத்திலும் தொடையிலும் சேர்கிறது. அது ஓரளவுக்குப் பாதுகாப்பானது. நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. எடை கூடாமலேயே வயிறு மட்டும் கூடும். 50-க்கு மேல் பெண்களுக்கு மாரடைப்பு பெருகுவதில் இதற்கும் பங்கு உண்டு. மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயமும் கூடுகிறது. இளம்பெண்களில் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களும் அப்படியே. பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது.

செல்வி, டேப் கையில் இருக்கிறதல்லவா? உங்களையும் அளந்துகொள்ளுங்கள் தங்கச்சி.

பெயர்_வேண்டாம்

ஒரு சந்தேகம். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை என்று பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். செய்துகொண்டால் இந்த ஆபத்தெல்லாம் போய்விடுமா?

திருச்சி_மருத்துவர்

போகாது. இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சாமுவேல் க்ளைன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாடு, இரத்த அழுத்தம், கொழுப்பு அளவு எதுவுமே மேம்படவில்லை. ஏனெனில் அந்தக் குழாய் தோலுக்கடியில் இருப்பதைத்தான் எடுக்கும். குடலைச் சுற்றி இருப்பதைத் தொட முடியாது. தோற்றத்துக்காகச் செய்வது அவரவர் விருப்பம், நோய் தீரும் என்று நம்பிச் செய்யாதீர்கள்.

வயிற்றில் கட்டும் வியர்வைப் பெல்ட்டுக்கும் இதே பதில்தான். வெளியேறுவது தண்ணீர்.

தஞ்சை_பாட்டி_சமையல்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சும்மாவா சொன்னார்கள்? தினமும் காலையில் கொள்ளுக் கஞ்சி கொடுங்கள். சோற்றை அடியோடு நிறுத்திச் சிறுதானியத்துக்கு மாற்றுங்கள். ஒரே மாதத்தில் வயிறு வற்றிவிடும்.

உணவியல்_மாணவி

அம்மா, கொள்ளு நல்ல உணவுதான். புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது, பசி தாங்கும். ஆனால் மூன்று வேளைச் சோற்றுக்கு மேல் கொள்ளுக் கஞ்சியும் சேர்ந்தால் வயிறு வற்றாது. எதைச் சேர்க்கிறோம் என்பதோடு, எதன் இடத்தில் சேர்க்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

சிறுதானியமும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் (INDIAB) உணவு ஆய்வில், இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டார்கள். அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றினால் மட்டும் சர்க்கரை அபாயம் குறையவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை போன்ற புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்து காணப்பட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் தானியங்களின் பங்கை 45 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது.

நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு, இரவு மறுபடி தோசை. நாள் முழுக்க அரிசியேதான். தொட்டுக்கொள்ள மட்டும் காய். இதைத் தலைகீழாக மாற்றினால் போதும். சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி, கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல், விருப்பமிருந்தால் முட்டை, மீன். சோற்றை அடியோடு நிறுத்தச் சொன்னால் நம் வீடுகளில் நான்கு நாள் நடக்கும். ஐந்தாவது நாள் குக்கர் விசில் அடிக்கும். காபி, டீயில் போடும் சர்க்கரை, பாட்டில் பானம், பழச்சாறு ஆகியவற்றை மட்டும் தயங்காமல் நிறுத்தலாம். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

செல்வி_மதுரை

அவர் இரவு 10 மணிக்குத்தான் வருகிறார். வந்து சாப்பிட்டுவிட்டு 12.30 வரை செல்பேசி. காலை 5.30-க்கு எழுந்துவிட வேண்டும். குறட்டை வேறு பலமாக இருக்கிறது; நடுநடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதுபோல் இருக்கும். இதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டா? வயிற்றுக்கான பயிற்சி செய்யச் சொல்லலாமா?

திருச்சி_மருத்துவர்

மூச்சு நின்று எழுவதை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். தொப்பை அதை வளர்க்கும், அது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வளர்க்கும். நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

தூக்கம் குறைவதும் தனியே ஒரு காரணம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் நான்கு மணி நேரமே தூங்கவிடப்பட்டவர்களுக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு சுமார் 11 சதவீதம் கூடியது. எடையில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

வயிற்றுத் தசைக்கான பயிற்சி தசையைப் பலப்படுத்தும், அதன்மேலும் உள்ளேயும் இருக்கும் கொழுப்பைக் குறிபார்த்துக் கரைக்காது. வேகநடை வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது. ஒல்லியாக இருந்து தொப்பை உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. உடல் கரைக்கத் தொடங்கும்போது உள்கொழுப்பு முன்னதாகவே குறையும். உங்கள் கணவரின் எடைக்கு இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே கல்லீரலில் மாற்றம் தெரியும். பட்டினி கிடந்து பத்து கிலோ இறக்க வேண்டாம். இருக்கும் தசையும் போய்விடும். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் சீர் செய்ததால், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சராசரி எடை பெரிதாகக் குறையாமலேயே இது நடந்தது. எடை மெஷின் அசையவில்லை என்று மனம் தளர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடலூர்_வாசகன்

எடை குறைக்க இப்போது வரும் வாராந்திர ஊசி?

திருச்சி_மருத்துவர்

பருமன் அதிகமாகி நோய்களும் சேர்ந்தவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் நல்ல பலன் தருகிறது. உடல் நிறை எண் 22.7 உள்ளவருக்கு அது இல்லை. மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

செல்வி_மதுரை

இரவுச் சாப்பாட்டை அலுவலகத்துக்கே கட்டிக் கொடுத்து 7.30-க்குச் சாப்பிட வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தூக்கப் பரிசோதனைக்கும் நாள் வாங்கிவிட்டோம். என் இடுப்பு 83, செவிலி அம்மா. நானும் அவரோடு நடக்கப் போகிறேன். இனி என்னென்ன பரிசோதனை, எப்போது எடுக்க வேண்டும் ஐயா?

திருச்சி_மருத்துவர்

மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்புப் பட்டியல், கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள். வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகிய நான்கையும் வைத்து ஃபைப்-4 என்று ஓர் எண்ணைக் கணக்கிடலாம். அது 1.3-க்குக் கீழ் வந்தால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. கூடுதலாக வந்தால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். மாமனாருக்கு 54-ல் மாரடைப்பு வந்ததை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்ய அது உதவும். இரத்த அழுத்தத்தை நீங்கள் எழுதவே இல்லை. இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_செவிலி

இடுப்பை மாதம் ஒருமுறை அளந்தால் போதும் தங்கச்சி. காலையில் மலம் கழித்த பிறகு, சாப்பிடும் முன். இருவரும் ஒருவருக்கொருவர் அளந்துவிடுங்கள். எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அத்தையையும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.